கிழித்துத் தைத்த புத்தகம்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறது. எந்தப் பதிப்பகமும் அதை வெளியிடவில்லை. அச்சிட்ட ஆண்டு, விலை, உரிமை எதுவும் உள்ளே கிடையாது. முதல் பதிப்பே மொத்தம் ஒரு படிதான். சிவப்புக் காலிகோ முதுகில் 'தில்லானா மோகனாம்பாள்' என்று தங்க எழுத்து. அதில் பாவன்னாவின் கால் எப்போதோ உதிர்ந்துபோய், இப்போது 'மோகனாம்பள்' என்று நிற்கிறது.

இதைச் செய்தவர் என் அத்தை. எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில். படம் போட்டவர் கோபுலு. 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்த தொடர். அத்தை ஒவ்வொரு வாரமும் தன் பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். தொடர் முடிந்ததும் மாயவரம் கடைத்தெருவில் ஒரு பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார். அவ்வளவுதான், ஒரு நூல் பிறந்துவிட்டது.

ஊரில் இதற்குப் பெயர் 'பைண்டு'. புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சிவகாமி பைண்டு யார் வீட்டில் இருக்கிறது?" "அலை ஓசை பைண்டைக் கீழத்தெருவுக்குக் கொடுத்தோமே, வந்துவிட்டதா?" இப்படித்தான் பேச்சு. வினைச்சொல் பெயர்ச்சொல்லான கதை. கொஞ்சம் ஆங்கிலம் படித்தவர்கள் 'பைண்டு வால்யூம்' என்பார்கள். எப்படிச் சொன்னாலும், அரை நூற்றாண்டுக் காலம் தமிழன் நாவல் படித்த பெரிய வழிகளில் ஒன்று இதுதான். இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அந்த முதற்பதிப்பு வருமுன்பே ஊர் முழுக்கப் படித்து முடித்திருந்த படிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தப் பண்டத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. மாவடு மாதிரி, பல வீடுகளில் தானாக ஊறியது.

ஆனால் அது ஊறுவதற்கு முதலில் தொடர்கதை வரவேண்டும். தமிழில் தொடர்கதை விகடனைவிட மூத்தது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் வந்தது. எழுதியவருக்கு இருபதுகளின் தொடக்கம். 1896இல் நூலாயிற்று. வை.மு. கோதைநாயகி 1925இல் 'ஜகன்மோகினி'யை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு தம் நாவல்களை மாதந்தோறும் அதில்தான் விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து மாத இதழ்கள் பலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஜனவரி இதழ் 40ஆம் பக்கத்தில் முடிந்தால் பிப்ரவரி இதழ் 41இல் தொடங்கும். வருடக் கடைசியில் பன்னிரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒழுங்கான ஒரே நூலாக அமையட்டும் என்ற கணக்கு அது. 'தொகுதி', 'பகுதி' என்ற பெயர்களும் அப்படி வந்தவை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' போன்ற இதழ்களைப் புலவர்கள் அப்படிக் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

இதழை முழுசாகக் கட்டுவது பண்டிதர் பழக்கம். கிழித்துக் கட்டுவது வீட்டுப் பழக்கம். கிழித்தலில்தான் நம் பைண்டு பிறக்கிறது. ஏனென்றால் கிழிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இது எனக்கு வேண்டும், மற்றது வேண்டாம் என்று முடிவு செய்யவேண்டும். தலையங்கம், சினிமா விமர்சனம், வாசகர் கடிதம் எல்லாம் கடலை மடிக்கப் போகட்டும், மோகனா மட்டும் என்னோடு இருக்கட்டும். பதிப்பாசிரியர் செய்கிற வேலையை அத்தை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தார்.

அந்தத் துணிச்சலைக் கொடுத்தது விகடன். பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கி, 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கிய பத்திரிகை 1930களில் வார இதழாகி வேகம் பிடித்தது. 'கல்கி' கிருஷ்ணமூர்த்தி அதில் 'கள்வனின் காதலி' எழுதினார், அப்புறம் 'தியாகபூமி'. 'தியாகபூமி'க்கு ஓவியரே தேவைப்படவில்லை. கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் படத்தின் புகைப்படங்களைப் போட்டுத் தொடர் வந்தது. 1939இல் படமும் வந்தது, பின்னர் அரசாங்கம் தடையும் போட்டது. திரையில் பார்க்க முடியாததை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது, கிழித்து வைத்தவர்களுக்கு.

1941இல் கிருஷ்ணமூர்த்தி நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை', பிறகு 1950 அக்டோபர் 29ஆம் தேதி இதழில் ஆரம்பித்த 'பொன்னியின் செல்வன்'. அது மூன்றரை ஆண்டு ஓடியது. மூன்றரை ஆண்டு என்றால் 180 வாரத்துக்கு மேல். ஓவியர் மணியத்தின் படத்தோடு அத்தனை வாரத்தையும் விடாமல் சேர்த்த வீடுகள் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். நடுவில் பிரசவம், மாற்றல், வீடு மாறுதல், மழையில் ஒழுகிய பரண் எல்லாவற்றையும் கடந்து. இன்று நாம் ஒரு செயலிக்குக் கட்டிய ஆண்டுச் சந்தாவையே மறந்துவிடுகிறோம்.

சரி, நூல் வரும்வரை காத்திருந்து வாங்கிக்கொள்ளலாமே? காத்திருந்தால் வரும் என்ற உறுதி கிடையாது. தமிழில் ஒரு நாவல் ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு படி போட்டு வருடக்கணக்கில் விற்பதுதான் வழக்கமாக இருந்தது. பத்திரிகை லட்சத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நூல் ஆயிரத்தில் கிடந்தது. இரண்டாம் உலகப்போர் நாளில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வேறு. விகடனில் சிரிக்கச் சிரிக்க எழுதிய தேவன் 1957இல் காலமானார். 'துப்பறியும் சாம்பு' முதலாக அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை அவர் கண்ணை மூடிய பிறகே கடையில் நூலாகக் கிடைத்தன. அவர் உயிரோடிருந்த காலத்தில் தேவனை 'வைத்திருந்தவர்கள்' என்றால் கிழித்து வைத்திருந்தவர்கள்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கதை இருக்கிறது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'.

ஐயர் வாழ்க்கை முழுவதும் என்ன செய்தார்? ஊர் ஊராகப் போய், பரணிலும் கூடைகளிலும் கிடந்த ஏடுகளைத் தேடினார். இடையில் ஓலை தவறியிருக்கும், முதலோ முடிவோ இருக்காது. ஒரு வீட்டில் கிடைத்ததை இன்னொரு வீட்டில் கிடைத்ததோடு ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணி தொடங்கி ஒவ்வொன்றாக அச்சேற்றினார். எண்பத்தைந்தை ஒட்டிய வயதில், 1940இல், விகடனில் தன் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 122 அத்தியாயம் வந்தது. 1942 ஏப்ரல் 28ஆம் தேதி அவர் மறைந்தார். சரித்திரம் பாதியில் நின்றது. அது நூலாக வந்தது 1950இல்.

நடுவில் எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டும் 'என் சரித்திரம்' எங்கே இருந்தது? பழைய விகடன் கட்டுகளில் இருந்தது. வாரா வாரம் கிழித்து, அடுக்கி, ஊசி நூல் கோத்து வைத்த வீடுகளில் இருந்தது. ஏடு தேடிய மனிதரின் கதையும் தனித்தனி ஏடாகத்தான் வீடுகளில் கிடந்திருக்கிறது. ஏதோ ஒரு வாரம் தவறிப்போனவர் பக்கத்துத் தெருக்காரரிடம் இரவல் கேட்டு, பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். ஐயர் திருவாவடுதுறையிலும் கும்பகோணத்திலும் செய்த அதே வேலை. அவருக்கு இது தெரிந்திருந்தால் சிரித்திருப்பாரா, சலித்துக்கொண்டிருப்பாரா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. நூலை எப்படியும் காப்பாற்றிவிடுவது ஒரு தமிழ் வியாதி என்று எனக்குத் தோன்றும். ஓலைக் கட்டில் துளை போட்டுக் கயிறு கோத்தவர்களின் பேத்திகள் விகடன் தாளில் குத்தூசி போட்டு நூல் கோத்தார்கள்.

இனி பைண்டர் கடைக்குள் போவோம். இந்தப் பண்டத்தின் உடம்பு அங்கேதான் உருவாகிறது.

பொதுவாக ஒரு புத்தகம் ஃபாரம் ஃபாரமாக மடிந்து வரும். மடிப்பின் நடுவில் ஊசி ஏற்றித் தைப்பார்கள். அதனால்தான் நல்ல புத்தகம் விரித்தால் விரிந்தபடி மேசையில் கிடக்கும். வார இதழின் அமைப்பு வேறு. எல்லாத் தாளையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து, நடுவில் இரண்டு கம்பி அடித்திருப்பார்கள். நீங்கள் கதையின் தாளை இழுத்தால் அதன் மறுபாதி இதழின் பின்பக்கத்திலிருந்து கூடவே வரும். அதில் ராசிபலனோ தைல விளம்பரமோ இருக்கும். ஆகவே மடிப்போடு வெட்டியே எடுக்கவேண்டும். வெட்டினால் ஒற்றைத் தாள். ஒற்றைத் தாளுக்கு மடிப்பு இல்லை, மடிப்பு இல்லாவிட்டால் நடுவில் தைக்க முடியாது. கட்டு முழுவதையும் அடுக்கி, ஓரத்திலிருந்து விரல் அகலம் உள்ளே தள்ளி, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தேய்த்த நூலைப் பக்கவாட்டில் கோக்கவேண்டும்.

அதனால் பைண்டுக்குப் பிறவிக் குணம் ஒன்று உண்டு. அது முழுசாகத் திறக்காது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே படிக்கவேண்டும். உள்பக்க ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து தையலுக்குள் ஒளிந்திருக்கும். 'அவள் கண்' என்று வரி முடியும். கண்ணா, கண்ணீரா, கண்டாளா என்பதை அடுத்த வரியைப் பார்த்து நீங்களே தீர்மானிக்கவேண்டும். வெளிப்பக்க ஓரமும் தப்பாது. பைண்டர் கட்டிங் மெஷினில் ஒரு பிடி அதிகமாக வெட்டிவிட்டால் அங்கேயும் எழுத்து போகும். எங்கள் மோகனாம்பாளில் ஓரிடத்தில் கதாநாயகன் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரத்து அகன்ற வாயே வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அத்தை அந்தப் பைண்டரை அவர் காலம் உள்ளவரை மன்னிக்கவில்லை.

தைத்ததற்கு மேல் முதுகில் மைதாப் பசை. அதில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், பூச்சி அண்டாமலிருக்க. பிறகு தடித்த அட்டை, முதுகுக்கும் மூலைக்கும் காலிகோ, மற்ற இடத்துக்கு மார்பிள் தாள். காசு கூடக் கொடுத்தால் தங்க எழுத்து. அது இல்லாதவர்கள் வெள்ளைத் துண்டுத் தாளில் பெயரெழுதி முதுகில் ஒட்டிக்கொள்வார்கள். மயில்துத்தம் போட்டும் ராமபாணத்தை நிறுத்த முடியாது. அந்தப் பூச்சிக்குப் பெயர் வைத்தவர் ரசிகர். அட்டையில் தொடங்கி நாற்பது பக்கத்தை நேர்கோட்டில் துளைத்துக்கொண்டு போகும். மராமரங்களைத் துளைத்த அம்புதான். எங்கள் பைண்டில் கதையின் சூழ்ச்சிக்காரன் வைத்தியின் நெற்றிக்கு நடுவே ஒரு துளை விழுந்திருக்கிறது. சவடால் வைத்திக்கு அது வேண்டியதுதான் என்று வீட்டில் ஒருமித்த கருத்து.

ஆனால் பைண்டருக்குப் போகுமுன்பே வீட்டுக்குள் ஒரு பெரிய யுத்தம் நடந்து முடிந்திருக்கும். தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதால் வருகிற யுத்தம் அது.

ஒரு தொடர் 27ஆம் பக்கத்தில் முடிகிறது என்று வையுங்கள். அதன் முதுகில், 28ஆம் பக்கத்தில், இன்னொரு தொடர் ஆரம்பிக்கிறது. முதல் தொடரைச் சேர்ப்பது அத்தை, இரண்டாவதைச் சேர்ப்பது பெரியப்பா. தாள் ஒன்றுதான். யாருக்கு? எங்கள் வீட்டில் அப்படி ஆறேழு முறை நேர்ந்திருக்கிறது. பெரியப்பா துப்பறியும் தொடர் சேர்த்தவர். மூத்தவர், சந்தாப் பணம் கட்டுகிறவர் என்ற ஹோதாவில் தாள் அவருக்கென்று தீர்ப்பானது. அத்தை வாதாடவில்லை. கோடு போட்ட நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, அந்தப் பக்கத்தை வரிக்கு வரி மசிப் பேனாவில் எழுதி, தன் கட்டில் சேர்த்துவிட்டார். கோபுலுவின் படம் இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, 'இங்கே மோகனா ஜன்னலோரம் நிற்கிறாள், அம்மா வடிவாம்பாள் முறைக்கிறாள்' என்று எழுதி வைத்திருக்கிறார். சின்ன வயதில் நான் முதலில் படித்தது அந்தப் பக்கங்களைத்தான். அச்சை விட அந்த எழுத்து எனக்குப் புரிந்தது.

எழுத்து என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பைண்டுகளில் இருப்பது பழைய எழுத்து. 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வைத்துக்கொண்டிருக்கும், 'னா' சுருண்டு வளைந்திருக்கும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இந்தத் தும்பிக்கையைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். ஆனையா, யானையா என்று கேட்டான் என் தம்பி மகன்.

தொடரைச் சேர்த்துத் தைப்பது இங்கிலாந்தில் டிக்கன்ஸ் காலத்திலும் நடந்தது. 1836இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதம் ஒரு ஷில்லிங்குக்குச் சிறு பகுதிகளாக வந்தது. வாங்கியவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு பகுதியும் தைப்பதற்கென்றே அச்சானது. தனிக் கதை, தனி அட்டை. யாரும் எதையும் கிழிக்கவேண்டியதில்லை, அண்ணனோடு சண்டை போடவேண்டியதுமில்லை. நம் பைண்டின் ருசி அந்தச் சண்டையில் இருக்கிறது.

படிக்கும்போதும் அது வேறு அனுபவம். கடையில் வாங்கிய நாவலில் அத்தியாயம் முடிந்தால் அடுத்த அத்தியாயம். பைண்டில் ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் 'தொடரும்' இருக்கும். கதாநாயகி கிணற்றடியில் கால் வழுக்கும் இடத்தில் ஏழு நாள் நிற்கச் சொன்ன சொல், இப்போது பக்கத்தைத் திருப்பினால் பலமிழந்துபோகிறது. நடுநடுவே 'முன்கதைச் சுருக்கம்'. இரண்டு நிமிஷத்துக்கு முன் படித்ததை மெனக்கெட்டு நினைவூட்டும். கதை பக்கத்தின் பாதியில் முடிந்தால் கீழே ஒரு சிரிப்புத் துணுக்கு, அல்லது அமிர்தாஞ்சன், கிரைப் வாட்டர் விளம்பரம். அழவேண்டிய இடத்துக்குக் கீழே தலைவலித் தைலம் கச்சிதமாக வந்து நிற்கும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் நூல் அச்சிடுகிறார்கள். சுத்தமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தைலத்தோடு இருப்பதுதான் பிடிக்கிறது.

தைத்து வந்த அன்றே பைண்டு இரவல் போக ஆரம்பித்துவிடும். அதற்காகத்தான் தைத்தார்களோ என்றுகூடச் சொல்லலாம். தனக்கு மட்டும் என்றால் ஒரு கயிற்றில் கட்டி வைத்தால் போதாதா? அட்டை போட்டது பிறர் கையில் தாங்கவேண்டும் என்பதற்காக. அத்தை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். யார் வீட்டுக்கு, எந்தத் தேதி, எப்போது வந்தது. எட்டு நாள் கெடு. பக்கத்தை மடக்கக்கூடாது, எச்சில் தொட்டுத் திருப்பக்கூடாது, எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது. இந்த மூன்று விதியையும் எல்லோரும் மீறினார்கள் என்பதற்கு உள்ளே ஆதாரம் இருக்கிறது. மஞ்சள் கட்டைவிரல் ரேகை, ரசம் தெறித்த புள்ளி, ஓர் இடத்தில் நசுங்கிய பவழமல்லி.

கூடவே பென்சில் குறிப்புகள். வைத்தி வருகிற பக்கத்தில் ஒரு கை, 'இவன் உருப்படவே மாட்டான்' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கை, 'எங்கள் ஓரகத்தியைப் பார்த்ததில்லையே நீங்கள்' என்று. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒருவர், 'பெயர் போடவும்'. பெயர் போடவில்லை. நல்ல வேளை, தெரு சின்னது. பிற்பகல் வேலையெல்லாம் ஓய்ந்த நேரத்தில் எங்கள் திண்ணையில் நாலைந்து பெண்கள் கூடுவார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்குவார்கள். எழுத்துத் தெரியாத கிழவி ஒருத்தி, கேட்டே முழு நாவலையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, இரவல் வாங்கிப்போக வருகிறவர்களுக்குக் கதை சொல்லிவிடுவாளாம். அத்தைக்கு அவள்மேல் தீராத கோபம்.

பைண்டு சில சமயம் பிற்காலத்து நூலோடு முரண்டு பிடிக்கும். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். ஆனால் தினமணி கதிரில் அது தொடராக வந்தபோது தலைப்பு 'காலங்கள் மாறும்'. அன்று கிழித்துத் தைத்தவர்களின் அலமாரியில் அந்தப் பெயர்தான் முதுகில் இருக்கும். தெரியாதவர்கள் ஜெயகாந்தன் இப்படி ஒரு நாவலும் எழுதினாரா என்று கேட்பார்கள். சுஜாதா குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று ஆரம்பித்த தொடர், எதிர்ப்புக் கிளம்பிச் சில வாரத்திலேயே நிறுத்தப்பட்டது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் அது மறுபடி எழுதப்பட்டது. நின்றுபோன அந்தச் சில வாரங்களை எந்தப் பைண்டரும் தைத்திருக்க முடியாது, தைக்கும் அளவுக்குத் தாள் தேறாது. அவற்றைக் கவரில் போட்டு வைத்தவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

பைண்டு பிறந்தது எப்படியோ, அப்படியே ஓசைப்படாமல் ஓய்ந்தும் போனது. 1969இல் 'ராணிமுத்து' வந்து, அகிலனின் 'பொன்மலர்' தொடங்கி மாதம் ஒரு முழு நாவலை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது. பின்னாலேயே 'மாலைமதி' போன்றவை. பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய்க்கு முழு நாவல் கிடைக்கும்போது 52 வாரம் கிழிப்பவர் யார்? 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. 'தொடரும்' என்ற சொல் மெல்ல அந்தப் பெட்டிக்குக் குடிபோனது. தொடர் முடிந்த கையோடு பதிப்பகங்கள் நூல் போட ஆரம்பித்தன. பைண்டர்கள் கல்லூரி ரெக்கார்டு நோட்டுக்கும் கோர்ட்டுக் கட்டுக்கும் மாறிக்கொண்டார்கள். கல்கி இதழே 2020இல் அச்சை நிறுத்திவிட்டது. இனி அதில் கிழிக்கத் தாளே இல்லை.

இருந்தவையும் பெரும்பாலும் எடைக்குப் போயின. பெரியவர் காலமானதும், வீட்டை விற்றதும், ஃப்ளாட்டில் பரண் இல்லாததும் காரணங்கள். சென்னையில் மூர் மார்க்கெட்டில் குவிந்து கிடந்தவை 1985 தீயில் போயின. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா போன்ற ஓரிருவர், யார் வேண்டாமென்று போட்டாலும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இப்போது பழைய புத்தகக் கடைகளில் மணியம் படத்தோடு ஒரு பைண்டு வந்தால் கடைக்காரர் அதை வெளியே வைப்பதே இல்லை. உள்ளே வைத்துவிட்டு, ஆளைப் பார்த்து விலை சொல்கிறார். எடைக்கு வாங்கிய பண்டத்துக்கு அந்த விலையா என்று கேட்டால், "கிழிச்சுச் சேர்த்தவங்க கூலி சார்" என்றார் ஒருவர். எனக்குப் பதில் வரவில்லை, கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் மோகனாம்பாள் பைண்டில் ஒரு வாரம் குறைகிறது. அந்த வாரம் தாத்தாவின் காரியம் நடந்ததால் இதழை யாரும் கவனிக்கவில்லை. எப்படியும் கிடைத்துவிடும் என்று அத்தை அந்த இடத்தில் நான்கு வெற்றுத் தாள் வைத்தே தைக்கச் சொல்லியிருக்கிறார். கதை இப்போது நூலில் கிடைக்கிறது, எழுதி நிரப்பிவிடலாம். கோபுலுவின் படம்தான் இல்லை. நாகப்பட்டினத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் எந்த வீட்டுப் பரணிலாவது ஒரு மோகனாம்பாள் பைண்டு கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிழித்துத் தர வேண்டாம். இரவல் போதும். எட்டு நாளில் திருப்பித் தந்துவிடுகிறேன்.